மண்ணில் கிடைத்த கூர்மையான பொருள்: அது என்னவென்று கண்டுபிடிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

அஸ்திவாரம் தோண்டும்போது, வயலை உழும்போது, ஏரியில் வண்டல் அள்ளும்போது, பெருமழைக்குப் பிறகு ஓடைக்கரையில் நடக்கும்போது, கூரான ஏதோ ஒன்று மண்ணிலிருந்து தலைநீட்டும். கல்லா, இரும்பா, எலும்பா என்று பார்த்தவுடன் தெரியாது. தமிழ்நாட்டில் அது பல லட்சம் ஆண்டுப் பழமையான கைக்கோடரியாக, அதாவது ஆதிமனிதன் தட்டிச் செய்த கற்கருவியாக, இருக்கலாம். போன வருடம் அங்கே வேலை செய்த ஜேசிபியின் உடைந்த பல்லாகவும் இருக்கலாம். இலங்கையின் வடக்கில் வெடிக்காத மோட்டார் எறிகணையாகக்கூட இருக்கலாம்.

கூரான பொருளைக் கண்டதும் கை தானாக அதை இழுக்கப் போகும். அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. அந்தப் பொருள் சொல்லும் சேதி பாதிதான். அது எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எந்தப் பக்கம் முனையைக் காட்டிக்கொண்டு, எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பது மீதிப் பாதி. பிடுங்கி, கழுவி, மேசைமேல் வைத்துவிட்டால் அந்த மீதியை யாராலும் மீட்க முடியாது. ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

படி 1: தொடாமல் பாருங்கள், வெடிக்கக்கூடியதா?

இந்தப் படியைத் தாண்டிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. சில அடி தள்ளி நின்று, மண்ணைக் கிளறாமல், வெளியே தெரியும் பகுதியை மட்டும் பாருங்கள். எச்சரிக்கை தரும் அடையாளங்கள் இவை: கடைசல் பிடித்ததுபோல் சீரான உருண்டை உடல், முனைக்குக் கீழே திருகுமரை, உடலைச் சுற்றிச் செம்பு அல்லது பித்தளைப் பட்டை, அதில் சாய்வான கீறல்கள், ஒரு முனையில் மீன்வால்போல் விரிந்த இரும்புத் தகடுகள், பச்சை, மஞ்சள் வண்ணப் பூச்சின் மிச்சம், அச்சடித்த எண்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், அதைத் தொடாதீர்கள்.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. மிதிவெடி அகற்றும் வேலை அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீண்டது. முகமாலை போன்ற இடங்களில் ஹாலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகளின் பணியாளர்கள் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார்கள். எறிகணை பல ஆண்டு மண்ணுக்குள் கிடந்தால் செத்துப்போய்விடும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பொறி துருப்பிடிக்கப் பிடிக்க, அது எப்போது வெடிக்கும் என்று சொல்வதுதான் இன்னும் கடினமாகும்.

தமிழ்நாட்டில் இந்த ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ராணுவப் பயிற்சித் தளங்களை ஒட்டிய நிலங்களிலும் பழைய இரும்புக் குவியல்களிலும் கவனம் தேவை. சென்னை நகரமே குண்டு வாங்கிய ஊர்தான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அதன் குண்டுத் துண்டு ஒன்று எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாய்ப்புள்ளவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பீரங்கிக் குண்டின் இரும்புக்கும் சாதாரணத் துருப்பிடித்த இரும்புக்கும் உள்ள வேறுபாடு நேரில் பார்த்தால்தான் மனதில் பதியும்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது இதுதான். வந்த வழியிலேயே, வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள். தூரத்தில் ஒரு கொம்பையோ துணியையோ அடையாளமாக வையுங்கள். பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். பொருளுக்கு அருகில் நின்று செல்போனில் பேச வேண்டாம். விலகிப் போய் இந்தியாவில் 112க்கும் இலங்கையில் 119க்கும் அழையுங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டுச் சுவரையோ மின்கம்பத்தையோ ஒட்டி, செங்குத்தாக நிற்கும் கம்பி முனை எர்த் கம்பியாக இருக்கலாம். அதைப் பிடுங்கினால் வீட்டின் மின் பாதுகாப்பே போய்விடும். மேலே கம்பி ஏதாவது வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

படி 2: எடுக்கும் முன் பதிவு செய்யுங்கள்

சரி, வெடிகுண்டு இல்லை. இப்போதும் எடுக்க வேண்டாம். செல்போனை எடுங்கள்.

பொருளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ ஐந்து ரூபாய் நாணயமோ வைத்து நேர் மேலிருந்து ஒரு படம். பிறகு நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம். அப்புறம் சற்று விலகி, குழியின் சுவர் முழுதும் தெரியும்படி ஒரு படம். கடைசியாக, பனைமரம், கிணறு, வரப்பு என்று அசையாத ஏதாவது ஒன்று தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம். லொக்கேஷனைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

தாளில் எழுத வேண்டியவை: தரைமட்டத்திலிருந்து எவ்வளவு ஆழம், மண்ணின் நிறம், அது களியா, மணலா, செம்புரைச் சரளையா (செம்புராங்கல் கலந்த சரளை), முனை மேல்நோக்கியிருந்ததா, கீழ்நோக்கியா, படுத்திருந்ததா, சுற்றிலும் பானை ஓடு, கரி, எலும்பு, சிப்பி ஏதாவது இருந்ததா.

முனை எந்தப் பக்கம் என்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று தோன்றலாம். தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்தார். முதுமக்கள் தாழிகளோடு, அதாவது இறந்தோரைப் புதைத்த பெரிய மண்பானைகளோடு, இரும்பு வாள்கள், ஈட்டி முனைகள், அம்பு முனைகள் என்று ஏராளமாகக் கிடைத்தன. அவற்றைப் பற்றி அவர் குறித்துவைத்த ஒரு செய்தி உண்டு. அந்த இரும்புக் கருவிகள் முனை கீழ்நோக்கி நின்றன, துக்கத்துக்கு வந்தவர்கள் சுற்றியிருந்த மண்ணில் குத்திவைத்ததுபோல. அந்தக் கருவிகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பி எவ்வளவு நேரம் பார்த்தாலும் இது தெரியாது. கருவி வெறும் ஆயுதம் என்ற அளவில் நின்றுவிடும். மண்ணில் அது நின்ற நிலையைக் குறித்ததால்தான் ஒரு சாவுச் சடங்கின் அசைவு நமக்குக் கிடைத்தது.

மண்ணின் கதையும் அப்படித்தான். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வில், கைக்கோடரிகளுக்குப் பிந்தைய ஒரு கற்கருவி மரபு சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் வெளியிட்டார்கள். அந்தக் காலக்கணக்கு ஒளிர்வு முறையில் வந்தது. மணல் துகள் கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்பதை அளக்கும் முறை அது. குழியைத் தோண்டி மண்ணை வெயிலில் கொட்டிவிட்டால் அந்தக் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். கருவியைச் சுற்றியிருந்த மண்ணை ஏன் கிளறக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

படி 3: எடுக்கலாமா, விடலாமா?

பக்கத்தில் தாழியின் விளிம்பு, கல்வட்டம் (பழைய புதைகுழியைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்), மனித எலும்பு, குவியலாகப் பானை ஓடு, செங்கல் சுவர், உலோகச் சிலை போன்ற எதுவும் தெரிந்தால் எடுக்க வேண்டாம். வேலையை நிறுத்தி, குழியின் மேல் ஒரு தார்ப்பாய் போட்டுவிட்டுத் தகவல் சொல்லுங்கள். பொருள் ஏற்கனவே உழவிலோ ஜேசிபியிலோ பெயர்ந்து மேலே கிடந்தால், அல்லது மழையில் அடித்துப் போய்விடும் நிலையில் இருந்தால் எடுக்கலாம்.

எடுத்தபின் கழுவாதீர்கள். மென்மையான பெயிண்ட் பிரஷால் தளர்ந்த மண்ணை மட்டும் தட்டிவிடுங்கள். உப்புத்தாள், கம்பிப் பிரஷ், புளி, எலுமிச்சை, ஆசிட், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும், ஆனால் மேற்பரப்பில் இருந்த செய்தி போய்விடும். பழைய இரும்பின் துருவில் துணியின் நெசவும் மரக் கைப்பிடியின் ரேகையும் அப்படியே பதிந்திருப்பதுண்டு. இரும்பை உலர்வாக வையுங்கள். மருந்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளை ஒரு டப்பாவில் போட்டு அதோடு மூடிவைத்தால் போதும். எலும்பு ஈரமாக இருந்தால் நிழலில் மெதுவாகக் காயட்டும். வெயிலில் வைத்தால் விரிந்து செதில் செதிலாகிவிடும்.

படி 4: எதனால் ஆனது?

பெயரைத் தேடும் முன் பொருளின் தன்மையைத் தேடுங்கள். இணையத்தில் படத்தைப் போட்டு ‘இது என்ன’ என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். கனம், காந்தம், கடினம் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பத்து இரண்டாகக் குறையும்.

காந்தம்: நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பக்கத்தில் கொண்டுபோங்கள். இரும்பு என்றால் நூல் சாயும். இரும்பு முழுக்கத் துருவாகிவிட்டிருந்தால் மெல்லத்தான் சாயும், ஆகவே காந்தம் பலமாக இழுக்கவில்லை என்பதால் இரும்பு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

அடர்த்தி: எடையைக் கிராமில் எடுங்கள். பிறகு அளவுக் குவளையில் தண்ணீர் வைத்து, பொருளை நூலில் கட்டி முழுக்க மூழ்கவிட்டு, தண்ணீர் எத்தனை மில்லி உயர்ந்தது என்று பாருங்கள். எடையை அதனால் வகுங்கள். 270 கிராம் பொருள் 100 மில்லி உயர்த்தினால் 2.7. குவார்ட்ஸ் (வெங்கச்சங்கல்), குவார்ட்சைட் 2.65 பக்கம் வரும், சுண்ணாம்புக் கல்லில் உள்ள கால்சைட் 2.7. நல்ல இரும்பு 7.8, செம்பு 8.9, ஈயம் 11.3. எலும்பு, துருப்பிடித்த இரும்பு, சுடுமண் இவற்றுக்கு இந்தச் சோதனை வேண்டாம். தண்ணீர் இவற்றைக் கெடுக்கும்.

கடினம்: நகத்தால் கீற முடிந்தால் ஜிப்சம் போன்ற மென்கல். கத்தி கீறினால் கால்சைட் வகை. கத்தி வழுக்கி, அந்தக் கல் கண்ணாடியைக் கீறினால் குவார்ட்ஸ் வகை. இதைப் பக்கத்தில் உதிர்ந்து கிடக்கும் சில்லில் மட்டும் செய்யுங்கள், முனையில் ஒருபோதும் வேண்டாம்.

படி 5: கல் என்றால்

இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள், ஏனென்றால் இயற்கையும் கூரான கல்லைச் செய்யும், மனிதனும் செய்திருக்கிறான். உள்ளங்கையளவில், பாதாம் பருப்பின் வடிவில், ஒரு முனை கூராகவும் மறுமுனை பருத்தும் இருந்தால் கைக்கோடரியா என்று சோதிக்க வேண்டும். அப்படி ஒன்றைத்தான் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் செம்புரைச் சரளையிலிருந்து எடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது. அதே ஆண்டு அவரும் சக நிலவியலாளர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் தெரியவந்தது.

கல்லைப் பக்கவாட்டில் பிடித்து விளிம்பை மட்டும் பாருங்கள். மனிதன் தட்டிய கல்லில் விளிம்பு பாம்புபோல் வளைந்து வளைந்து போகும், இரண்டு முகங்களிலும் மாறி மாறிச் சில்லு பெயர்த்ததால். ஒவ்வொரு சில்லுத் தழும்பும் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும். ஒரு தழும்பு இன்னொன்றை வெட்டிக்கொண்டு போகும். ஆற்றில் உருண்டு உடைந்த கல்லில் தழும்புகள் தாறுமாறாக, ஏதோ ஒரு பக்கம் மட்டும் இருக்கும். அடுத்து நிறத்தைப் பாருங்கள். எல்லாத் தழும்புகளும் ஒரே அளவு மங்கி, மண்ணின் செம்மை ஏறி, விளிம்பு கொஞ்சம் மழுங்கியிருந்தால் பழையது. ஒன்றிரண்டு மட்டும் புதிதாக மின்னினால் அவை நேற்று ஜேசிபி செய்தவை. கிரஷர் ஜல்லியில் கூரான கல் நூறு கிடைக்கும், அவை எல்லாமே புது உடைப்புகள்தான்.

ஒற்றைக் கல்லை வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள். கருவி செய்த இடமாக இருந்தால் சுற்றிலும் சில்லுகள் கிடக்கும். சில்லின் ஒரு பக்கத்தில், அடி விழுந்த இடத்துக்குக் கீழே, சின்னப் புடைப்பு இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். மனித வேலைக்கு அந்தப் புடைப்பு நல்ல சாட்சி. பூண்டியில் தொல்பழங்கால அகழ்வைப்பகம் (அருங்காட்சியகம்) ஒன்று இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்கள் கையில் கல்லோடு குழம்பும் முன் அங்கே போய் உண்மையான கருவிகளைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

விரல்நகத்தளவுக் கூர்ச் சில்லுகள் தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடற்கரைத் தேரிக்காட்டின் செம்மணலில் கிடைத்தால் அவை நுண்கற்கருவிகளாக (மிகச் சிறிய கற்கருவிகள்) இருக்க நல்ல வாய்ப்பு. குவார்ட்ஸிலும் செர்ட் என்ற கடினக் கல்லிலும் செய்து, மரத்திலோ எலும்பிலோ பதித்துப் பயன்படுத்தியவை. ஒரு பக்கம் கூராகவும் எதிர்ப்பக்கம் வேண்டுமென்றே மழுக்கப்பட்டும் இருக்கிறதா பாருங்கள். இவற்றைப் பையில் அள்ளிக்கொண்டு வராதீர்கள். அவை பரவிக் கிடக்கும் விதமே சான்று.

கருங்கல்லில், வழவழவென்று தேய்த்து மெருகேற்றிய முக்கோணக் கல் என்றால் புதிய கற்காலக் கோடரி. இதில் ஒரு விஷயம்: கூரான முனை வெட்டும் முனை இல்லை, அது கைப்பிடிக்குள் செருகும் பக்கம். அகலமான பக்கம்தான் வாய். வேலூர், திருப்பத்தூர் பகுதியிலும், சேர்வராயன், ஜவ்வாது மலைகளிலும் இவை கிடைக்கும். மலைக் கிராமங்களில் சில கோயில்களில் இவற்றைச் சாமியாக வைத்து வணங்குவதும் உண்டு. அப்படி இருந்தால் அது ஊரின் சொத்து, படம் எடுக்கக்கூட ஊராரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இனி மனிதன் தொடாத கற்கள். பெரம்பலூர், அரியலூர் பக்கம், குறிப்பாகக் காரையைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டுச் சரிவுகளில் பேனா அளவில், பழுப்பாக, ஒரு முனை துப்பாக்கித் தோட்டாபோல் கூரான கல் கிடைக்கும். தோட்டா என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். அது பெலம்னைட், கணவாயின் உறவுக்காரக் கடல் உயிரி ஒன்றின் உள்ளோடு. அந்தப் பகுதி டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் கடலாக இருந்தது. பெலம்னைட்டின் முதல் அடையாளம் உடைந்த குறுக்குவெட்டு. நடுப்புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் கதிர்கள்போல் கோடுகள் விரியும். இரண்டாவது, மொட்டையான முனையில் கூம்பு வடிவக் குழி இருக்கும், அது முழுதாகக் கிடைத்திருந்தால். மூன்றாவது, அது கால்சைட், ஆகவே உதிர்ந்த துணுக்கில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் மெல்ல நுரைக்கும். கையில் இருப்பது குறைந்தது ஆறரைக் கோடி ஆண்டுப் பழையது.

அதே பகுதியில் முக்கோணமாக, பளபளப்பான கூர்முனையும் சொரசொரப்பான அடியும் உள்ள சிறு பொருள் கிடைத்தால் சுறாப்பல். எனாமலின் மினுமினுப்பு கோடிக்கணக்கான ஆண்டு கழிந்தும் போவதில்லை. அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆறு பக்கமுள்ள பென்சில் முனைபோல் இருந்து, கத்தி கீறாவிட்டால் குவார்ட்ஸ் படிகம். பட்டைகள் சீராக, கண்ணாடித் தன்மையோடு இருந்தாலும் அது பட்டை தீட்டியது இல்லை, வளர்ந்ததே அப்படித்தான். நகத்தில் கீறும் ஒளிபுகும் ஊசி என்றால் ஜிப்சம். வெளுத்து, முண்டு முடிச்சாக, வேர்போல் கிளைத்துக் கூம்பியிருந்தால் சுக்கான்கல். பெரும்பாலும் செடி வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து உண்டானது. எலும்பு என்று இதைத்தான் அதிகம் பேர் தவறாக நினைக்கிறார்கள்.

படி 6: உலோகம் என்றால்

முதலில் நம் காலத்துப் பொருள்களை ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். மண்ணில் கிடைக்கும் கூரான இரும்பில் பெரும்பகுதி இவைதான்.

கனமான ஆப்புபோல், பின்பக்கம் உள்ளீடற்று, பக்கவாட்டில் ஆணி போகும் துளையோடு இருந்தால் ஜேசிபி பக்கெட்டின் பல். இரண்டு போல்ட் துளைகளோடு வளைந்த தகடு டிராக்டர் கலப்பையின் கொழு. துளை இல்லாமல், மடித்த காதுகளோடு சிறியதாக இருந்தால் மாட்டு ஏரின் கொழு. மேலே நூல் கட்டத் துளையுள்ள கூம்பு, பெரும்பாலும் பித்தளை அல்லது இரும்பு, கொத்தனாரின் தூக்குக்குண்டு. இது வெகு சீராகக் கடைந்திருப்பதால் பயமுறுத்தும், ஆனால் கயிற்றுத் துளை காட்டிக்கொடுத்துவிடும். நுனியில் பளபளக்கும் கடின மணிகள் பதித்த கனத்த உருளை, போர்வெல் பிட். சதுர உடல், ஒரு பக்கம் நீண்ட தலை என்றால் ரயில் தண்டவாள ஆணி. மெல்லிய ஒற்றை முள் தார்க்குச்சியின் ஆணி, சிறிய உருண்டைத் தண்டு என்றால் பம்பர ஆணி. மாட்டுவண்டியின் கடையாணியும் கடப்பாரையின் உடைந்த முனையும் இந்தப் பட்டியலில் சேரும்.

திருகுமரை, வெல்டிங் தழும்பு, சீரான வார்ப்புக் கோடு, இயந்திரத்தில் அச்சடித்த எழுத்து இவற்றில் எது இருந்தாலும் பொருள் புதியது. சுத்தியல் அடியின் சமமற்ற தடம் மட்டும் இருந்தால் பட்டறையில் செய்தது. ஆனால் பட்டறை வேலை நேற்றுவரை நடந்ததுதான், அதனால் அது மட்டும் பழமைக்குச் சான்றாகாது. மண்ணோடும் கல்லோடும் ஒன்றாகக் கட்டிப்போன தடித்த துரு, பக்கத்தில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடு, அருகே கல்வட்டம், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெருங்கற்கால ஈமக்காடு (இறந்தோரைப் புதைத்த இடம்) என்று ஊகிக்கலாம். அம்பு முனைக்கு அடியில் தண்டில் செருகுவதற்கான மெல்லிய வால் இருக்கும், அல்லது தண்டு உள்ளே போகும் குழல் இருக்கும். அந்த வாலையோ குழலையோ தேடுங்கள். முனையைப் பார்த்துப் பயனில்லை, கூரான இரும்பு எல்லாம் ஒன்றுபோல்தான் துருப்பிடிக்கும்.

பச்சை பூத்த கூர்முனை செம்போ வெண்கலமோ. உள்ளே வெறுமையாக, அடுக்கடுக்காக விரிந்து சுருங்கினால் கோயில் கலசத்தின் மேல்பகுதியாக இருக்கலாம். அப்போது உடனே நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் கோயில் செப்புத் திருமேனிகள் ஒரே குழியில் பல சேர்ந்து புதைக்கப்பட்டுக் கிடைத்த சம்பவங்கள் நிறைய. ஒரு முனை தெரிந்தால் கீழே இன்னும் இருக்கலாம்.

படி 7: எலும்பும் சுடுமண்ணும்

எலும்பின் உடைந்த இடத்தில் கடற்பஞ்சுபோல் நுண்துளைகள் தெரியும். கல்லில் தெரியாது. வெறுமனே உடைந்து கூரான எலும்பா, கூராக்கப்பட்ட எலும்பா என்பதுதான் கேள்வி. லென்ஸ் வைத்துப் பாருங்கள். முனையை நோக்கி ஒரே திசையில் மெல்லிய தேய்ப்புக் கோடுகள் இருந்து, நுனி மட்டும் கையாண்டு கையாண்டு மினுங்கினால் அது கருவி. கீழடியில் நூல் நூற்கும் தக்களிகளோடு இப்படிப்பட்ட எலும்புக் கூர்முனைகள் கிடைத்தன, நெசவில் பயன்பட்டவை என்று தமிழ்நாடு தொல்லியல் துறை கருதுகிறது. நெருப்பில் வைத்து நாற்றம் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், காலத்தைக் கணிக்கத் தேவையான பொருள்தான் அதில் எரிந்துபோகிறது.

சுடுமண்ணில், கட்டை விரலைவிடத் தடித்து, கீழே கூம்பி முடியும் திடமான முனை கிடைத்தால் அது ஆம்ஃபோரா ஜாடியின் அடியாக இருக்கலாம். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த ஜாடிகள். அவற்றுக்குத் தட்டையான அடி கிடையாது, கப்பலில் சாய்த்து அடுக்கவும் தூக்கி ஊற்றவும் வசதியாக அடி கூராக இருக்கும். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும் ராமநாதபுரம் அழகன்குளத்திலும் இவற்றின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. உடைந்த ஓரத்தைப் பாருங்கள். களிமண்ணில் கரிய எரிமலை மணல் பொடிப்பொடியாகத் தெரிந்தால் இத்தாலியின் காம்பானியா பகுதிச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர்க் குயவர் மண்ணில் அந்தக் கரும்பொடி இருக்காது.

படி 8: யாரிடம் சொல்வது, சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்குரிய பங்கும் போகும், தண்டனையும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவும் கூடாது. ‘நல்ல விலை தருகிறேன்’ என்று யாராவது வந்தால் அவரைக் காட்டிலும் அதிகம் சிக்கலில் மாட்டுவது நீங்கள்தான்.

நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தொடங்குங்கள். கூடவே மாநிலத் தொல்லியல் துறைக்கும் படங்களோடு எழுதுங்கள். புதைபடிவம் என்றால் பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் (ஜியாலஜி) துறைப் பேராசிரியர் நல்ல முதல் வாசல். இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்குள்ளிருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம், அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். அங்கே கிராம அலுவலர், பொலிஸ் அல்லது தொல்பொருள் திணைக்களம்.

வேலை நின்றுபோகும், நிலம் பறிபோகும் என்ற பயத்தில் பலர் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. வீடு கட்டக் கடன் வாங்கியவருக்கு ஒரு மாதத் தாமதம்கூடப் பெரிய விஷயம். ஆனால் ஒற்றைக் கல்லோ ஒற்றை இரும்போ மேல்மண்ணில் கிடைத்ததற்காக யாரும் நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை. ஓர் அலுவலர் வந்து பார்த்து, குறித்துக்கொண்டு, பொருளை வாங்கிக்கொண்டு போவார், பெரும்பாலும் அவ்வளவுதான். ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கண்டெடுத்த இடமும் தேதியும் உங்கள் பெயரும் இருக்க வேண்டும்.

தகவல் அனுப்பும்போது இந்த வரிசையில் எழுதினால் பதில் விரைவாக வரும்: கிடைத்த ஊரும் வட்டமும், ஆழம், மண் வகை, முனையின் திசை, நீளம், அகலம், எடை, காந்தம் இழுத்ததா, அடர்த்தி எடுத்திருந்தால் அந்த எண், பக்கத்தில் கிடைத்தவை, ஸ்கேலோடு எடுத்த ஐந்து படங்கள், அவற்றில் உடைந்த முனையின் அண்மைப் படம் கட்டாயம். ‘இது எவ்வளவு பழையது, என்ன விலை போகும்’ என்ற கேள்வியைக் கடிதத்தில் எழுத வேண்டாம். விலை கேட்கும் கடிதங்களை அலுவலர்கள் சந்தேகத்தோடுதான் பிரிப்பார்கள்.